பால், முட்டை, வளையல்

அந்த நாட்களில் ஆட்களைப் பார்த்தால் எனக்கு முகம் தெரியாது, எடைதான் தெரியும், அதுவும் ராத்தல் கணக்கில். ஜொகூரில் ஒரு ஜெயிலில் டிரெஸராக இருந்தேன். டிரெஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கைதிகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது, கொயினா புகட்டுவது, பல் பிடுங்குவது, மருந்து கலக்குவது, டாக்டர் வராத நாளில் டாக்டராகவே நடந்துகொள்வது எல்லாம் நான்தான். அரை டாக்டர் என்பார்கள். அந்த அரையை முக்கால் என்று நானே உயர்த்தி வைத்திருந்தேன். வயது இருபத்து நான்கு. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, தலையில் ஒரு வண்டி எண்ணெய், மூக்கு நுனியில் கோபம். கல்யாணம் ஆகவில்லை.

எங்கள் ஜெயிலில் திங்கட்கிழமை நிறுவை நாள். கைதி உள்ளே வரும்போது ஒருமுறை, பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், கடைசியில் வெளியே போகும் அன்றும் நிறுக்க வேண்டும். வந்தபோது இருந்ததைவிட எடை குறைந்து ஒருவன் வெளியே போனால் டாக்டர் என்னைத்தான் பிடிப்பார். எடை மளமளவென்று இறங்குகிறவனுக்குக் கல்லுடைக்கும் வேலை கிடையாது, சோறும் கூடுதல். இது தெரிந்ததும் கைதிகள் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தால் எடை குறையும் என்று யாரோ ஒரு மேதை கிளப்பிவிட்டான். திங்கட்கிழமை காலையில் எண்பது பேர் கன்னத்தை உப்பிக்கொண்டு கண் பிதுங்க வரிசையில் நிற்பார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக நிறுப்பேன். அவர்கள் நீலம் பாரித்துப்போய் விடுகிற மூச்சில் பதிவேட்டின் தாள் பறக்கும். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

பெண்கள் பகுதி தனி. உயரமான சுவர், நடுவில் ஒரு கிணறு, ஒரு பெரிய அறை, கதவோரம் பெண் வார்டர் தங்குகிற சின்ன அறை. நான் சொல்லும் சமயத்தில் அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். கள்ளச் சாராயம் காய்ச்சிய இரண்டு சீனப் பெண்கள், சைக்கிள் திருடிய ஒரு மலாய்ப் பெண். வார்டர் ஒரு மலாய்க்காரர், நாற்பது வயது இருக்கும். மக்சிக் என்று கூப்பிடுவேன், அத்தை சித்தி என்பது போல. இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். கைதிகளிடமே தமிழ் கற்றுக்கொண்டதால் மக்சிக்கின் தமிழில் மரியாதை என்பது மருந்துக்கும் கிடையாது. ஜெயில் துரையைக்கூட, "அவன் இப்ப தூங்குது" என்றுதான் சொல்வார்.

இந்த நால்வருக்கு நடுவில்தான் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பால்வெட்டுகிறவள். ஐந்து மாதக் கர்ப்பம், ஆறு மாதத் தண்டனை. குற்றத்தைக் கேட்டுவிட்டு நான் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவள் புருஷனைக் கங்காணி கன்னத்தில் அறைந்திருக்கிறான். இவள் வாளி நிறைய இருந்த ரப்பர் பாலை அப்படியே அவன் தலையில் கவிழ்த்துவிட்டு, காலி வாளியால் அதே தலையில் மூன்று தட்டும் தட்டியிருக்கிறாள். பால் உறைந்து தலைமயிரோடு ஒட்டிக்கொள்ள, கங்காணிக்கு மொட்டை அடிக்கவேண்டி வந்ததாம். சாட்சி சொல்ல அந்த மொட்டைத் தலையோடுதான் கோர்ட்டுக்கு வந்தானாம். மாஜிஸ்திரேட்டு எப்படிச் சிரிக்காமல் தீர்ப்பு எழுதினாரோ தெரியவில்லை.

அவளைத் தராசில் ஏற்றினேன். தொண்ணூற்றாறு ராத்தல். மக்சிக் அவள் கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினார். கண்ணாடிச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது விதி, உடைத்தால் ஆயுதம் ஆகிவிடும். தாலிக்கயிறு கயிறுதானே என்று விட்டுவிட்டார்கள். 'கண்ணாடி வளையல், ஆறு' என்று பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்று எழுதியதும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் தன் வெறுங்கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் சாப்பிட்டாள். மூன்றாவது வாரம் புருஷன் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனான். அதோடு அவள் சோற்றைத் தொடவில்லை. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது. வயிறு ஏறுகிறது, எடை இறங்குகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற வெள்ளைக்கார டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, பதிவேட்டையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இப்படியே போனால் பிள்ளை தங்காது. தாயும் தாங்குவாள் என்று சொல்ல முடியாது. பாலும் முட்டையும் எழுதித் தருகிறேன். அவளைச் சாப்பிட வைப்பது உன் பொறுப்பு."

பாலை அவள் வாங்குவாள். நான் தலையைத் திருப்பியதும் சைக்கிள்காரியிடம் கொடுத்துவிடுவாள். முட்டை சீனப் பெண்களுக்குப் போகும். அந்தத் திங்கட்கிழமை மூன்று பேருக்கும் எடை ஏறியிருந்தது. சைக்கிள்காரிக்குக் கன்னம்கூட வந்துவிட்டது! எனக்கு வந்ததே கோபம். முற்றத்தில் நின்று கத்தினேன். பிள்ளையைக் கொல்லவா பார்க்கிறாய், நீ என்ன பெண்பிள்ளையா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கையப் பாருங்க டிரெஸர் ஐயா. ரெண்டு கலஞ்சிருச்சு எனக்கு. ஒண்ணு மூணாம் மாசம், ஒண்ணு நாலாம் மாசம். இதுதான் ஏழுக்கு வந்துருக்கு. ஏழுல வளையல் போடணும். இருந்ததையும் நீங்க கழட்டிட்டீங்க. அவரு வந்தாரு, என் கையப் பாத்தாரு. நான் உசுரோட இருக்கும்போதே தாலியறுத்தவ மாதிரி நிக்கிறியேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எப்படி ஐயா சோறு எறங்கும்?"

நானும் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவன். ஒரு தமிழ்ப் பெண்ணின் கையிலிருந்து வளையலை எப்போது கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மக்சிக்குக்குத் தெரியாது, துரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்கும் சோறு இறங்கவில்லை.

இனி நான் செய்த காரியத்தைப் புரிந்துகொள்ள எங்கள் ஜெயிலின் ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். நோயாளிக் கைதி ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. அதன் அடியில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியவை என்று ஓர் இடம். அதில் டாக்டர் கையெழுத்தோடு எது இருந்தாலும் காண்டிராக்டர் கொண்டுவந்து கொடுத்தே ஆக வேண்டும், ஜெயில் துரைகூடத் தடுக்க முடியாது. ஒருமுறை அபின் விட்ட ஒரு கிழவருக்கு டாக்டர் பிராந்தி எழுதிக் கொடுத்தார். ஜெயில் துரை குதித்தார். ஆனாலும் கிழவர் தினமும் மாலையில் அரை அவுன்சு குடித்துவிட்டு, துரைக்கே சலாம் வைத்தார். சீட்டை நிரப்புவது நான். கையெழுத்து மட்டும் டாக்டர். சனிக்கிழமைகளில் டென்னிஸ் ஆடப் போகிற அவசரத்தில் அவர் எதையும் படிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் சீட்டில் இங்கிலீஷில் எழுதினேன்: பால், ஒரு பைண்டு. முட்டை, இரண்டு. வளையல், கண்ணாடி, இரண்டு டஜன்.

டாக்டர் டென்னிஸ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினாறு சீட்டுகளில் வரிசையாகக் கிறுக்கினார். அவளுடைய சீட்டு ஏழாவதாக வந்தபோது டென்னிஸ் பற்றி ஏதோ கேட்டுவைத்தேன். கிறுக்கிவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் நான் மருந்தறையைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடினேன். ஒரு சீசா உடைந்தது. நல்லவேளை, அது வெறும் விளக்கெண்ணெய்.

ஜெயிலுக்குச் சாமான் போடுகிற காண்டிராக்டர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தச் சீக்குக்கு?"

"பெண்கள் சீக்கு, நானா."

"உள்ளுக்கா, வெளிக்கா?"

"வெளிக்குத்தான்."

"அப்ப சரி" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வெங்காயக் கூடைக்கு மேலே சீட்டோடு ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. "பச்சையும் செகப்புமாத் தேடி எடுத்தேன் தம்பி. கறுப்பு கலந்துருந்துச்சு, அது வேணாம்னு வச்சுட்டேன்" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மக்சிக் பொட்டலத்தைப் பிரித்ததும், "அலமாக்! கண்ணாடி!" என்று கத்தினார். நான் சீட்டை நீட்டினேன். மக்சிக்குக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் டாக்டரின் கிறுக்கல் தெரியும்.

"டாக்டர் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அப்ப போடு லா. எனக்கு என்ன?"

புதன்கிழமை பத்து மணிக்கு ஜொகூரிலேயே யாரும் கண்டிராத ஒரு வளைகாப்பு நடந்தது. ஆண் என்பதால் நான் அறைக்குள் போகக்கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று உத்தரவு போட்டேன். சந்தனம் இல்லை, வேர்க்குருவுக்குப் பூசுகிற காலமைன் இருந்தது, நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரத்திக்கு மஞ்சள் சமையற்கட்டில் கிடைத்தது, சுண்ணாம்பு மக்சிக்கின் வெற்றிலைப் பெட்டியில் கிடைத்தது. இரண்டும் கலந்து சிவப்பாக மாறியதும் சீனப் பெண்கள் இருவரும் கைதட்டினார்கள். தட்டுத்தான் இல்லை. சீழ் ஏந்துகிற பீங்கான் தட்டை மூன்று தரம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். கலவைச் சோற்றுக்கு மக்சிக் தேங்காய்ப்பால் சோறு ஆக்கினார். சீனப் பெண்கள் எதையோ வதக்கிச் சேர்த்தார்கள், எதை என்று நான் கேட்கவில்லை.

"டிரெஸர், எந்தக் கை முதல்?" என்று மக்சிக் உள்ளிருந்து கேட்பார்.

"வலது!"

"எத்தன?"

"ஒரு கைக்குப் பதினொண்ணு, இன்னொரு கைக்குப் பன்னிரண்டு!"

"ஏன் ஒண்ணு மிச்சம்?"

"தெரியாது மக்சிக், மிச்சம் இருக்கணும்!"

பெரியதொரு வைதீகன் போல நான் கத்திக்கொண்டிருக்க, சைக்கிள்காரி காலமைனைக் கன்னத்தில் தடவுகிறேன் என்று அவள் காதுவரை பூசிவிட்டாள். அவள் சிரித்தாள். அந்த ஜெயிலில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டாள், பிறகு வயிற்றுக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டினாள். அப்புறம் உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு தின்றாள். மூன்று! நான் ஜன்னலில் நின்று ஒவ்வொரு கவளமாக எண்ணினேன். மிச்சமிருந்த ஒரு வளையலைக் கண்ணாடி என்பதால் விதிப்படி விஷ மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி டாக்டர் பதவிதான் பாக்கி என்ற மிதப்பில் மருந்தறைக்குப் போனேன்.

அரை மணி நேரத்தில் மக்சிக் ஆள் அனுப்பினார். போனால், அந்தப் பெண் பாயைச் சுருட்டி, மாற்றுத் துணியை மூட்டையாகக் கட்டி, கதவோரம் நிற்கிறாள்.

"கெளம்பலாமா ஐயா?"

"எங்கே?"

"அம்மா வீட்டுக்கு. வளையல் போட்டா அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போயிரணும்ல? அதே வாசல்ல இருக்கக்கூடாதே."

என் மிதப்பு இறங்கியது. என் அக்காவுக்கு வளையல் போட்டபோது கலவைச் சோற்றுக்காக அக்கா புருஷனின் லயத்துக்குப் போனவன் நான். அன்று மாலையே அக்கா எங்களோடு மாட்டுவண்டியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்ததும் நினைவிருக்கிறது. அக்காவுக்கு எங்களைப் பார்க்க ஆசை, அதனால் வந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சடங்கில் பாதி அந்த வண்டிப் பயணம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாதிச் சடங்கை ஆரம்பித்து வைத்துவிட்டு மீதிக்கு ஜெயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"உன் அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அம்மா செத்து எட்டு வருஷம் ஆச்சு ஐயா. ஆனா போகணும்."

ஆனா போகணும் என்றால் நான் என்ன செய்வது? கோழை நான். "சனிக்கிழமை டாக்டர் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரமே உட்கார்ந்திருந்தாள். பயணத்துக்குத் தெம்பு வேண்டும் என்று பாலைக் குடித்தாள், முட்டையைத் தின்றாள், சோற்றை இன்னும் கொஞ்சம் கேட்டாள். எடை ஏறியது. அவள் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். சனிக்கிழமையன்று போக முடியாது என்று சொன்னால் அவள் மறுபடி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு எந்தச் சீட்டாலும் அவள் வாயைத் திறக்க வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மக்சிக் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன லா இது ஆளு? ஏன் கதவு பக்கத்துல குந்திகிட்டு இருக்கு?" நான் விஷயத்தைச் சொன்னேன். மக்சிக் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"அம்மா வீடுன்னா எப்படி இருக்கணும்? பெரிசா?"

"பெரிசா இருக்கணும்னு இல்ல மக்சிக். அம்மா இருந்தாப் போதும்."

மக்சிக் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பிக் கதவோரத்துத் தன் அறையைப் பார்த்தார். பிறகு, "என் ரூம் இருக்கு லா" என்றார். "இந்தக் கையில வளையல் கழட்டுனது நான். பிள்ளைய வச்சுகிட்டு இருக்கற பொம்பள கை. எனக்குத் தெரியல லா, டிரெஸர். நீ சொல்லல."

நான் சொல்லவில்லை. உண்மைதான்.

சனிக்கிழமை அவளுடைய அதே சீட்டில் வளையலுக்குக் கீழே எழுதினேன்: பிரசவம் வரை பெண் வார்டரின் அறையில் வைத்திருக்கவும். கெட்ட நேரம், அன்று மழை. டென்னிஸ் கிடையாது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் படிக்க ஆரம்பித்தார்! ஏழாவது சீட்டில் நின்றார். மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"வளையல் என்று எழுதியிருக்கிறது."

"ஆமாம் துரை."

"இது என் கையெழுத்தா?"

"ஆமாம் துரை."

"நான் ஒரு நோயாளிக்கு வளையல் எழுதிக் கொடுத்திருக்கிறேனா?"

"இரண்டு டஜன், துரை."

வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டியபிறகு எனக்குப் பயமே இல்லை, வாயைத் திறந்துவிட்டேன். எங்கள் ஜனத்தில் புருஷன் செத்தால்தான் பெண்ணின் வளையலைக் கழற்றுவார்கள், இவளுக்கு நாங்கள் வாசலிலேயே கழற்றிவிட்டோம், எழுதிக்கொண்டது நான், அவள் சாப்பிடாமல் போனதற்குக் காரணம் நான், இப்போது அவள் சாப்பிடுகிறாள், இந்த அறையைக் கொடுக்காவிட்டால் மறுபடி சாப்பிட மாட்டாள், எனக்குத் தண்டனை கொடுங்கள், அவளுக்கு அறையைக் கொடுங்கள். இங்கிலீஷில் பாதி, மலாயில் பாதி, நடுவில் தமிழும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு.

டாக்டர், "அவளைத் தராசில் ஏற்று" என்றார்.

மக்சிக் அழைத்துவந்தார். மூட்டையைக் கீழே வை என்றால் வைக்க மாட்டேன் என்றாள், அதை வாங்கிவைப்பதே பெரும்பாடாகப் போயிற்று. வளையல் அத்தனையும் குலுங்க ஏறி நின்றாள். தொண்ணூற்று மூன்று. திங்கட்கிழமையிலிருந்து ஐந்தே நாளில் நான்கு ராத்தல்.

"எந்த மருந்தில்?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வளையலில், துரை."

அவர் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. பேனாவை எடுத்தார். வளையல் என்ற வார்த்தைக்கு எதிரே 'தொடரவும்' என்று எழுதினார். அறையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார், பூட்டு உண்டா என்று. மக்சிக் இடுப்புச் சாவியைத் தட்டி, "நான் இருக்கு துவான், பூட்டு எதுக்கு?" என்றார். கையெழுத்து விழுந்தது. போகும்போது என்னிடம், "அடுத்த முறை சொல்லிவிட்டு எழுது. நானும் இனிமேல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அம்மா வீடு முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவ்வளவு சின்னப் பயணம் சரிப்படாது என்று மக்சிக்கே சொல்லிவிட்டார். அரிசி இறக்க நானாவின் மாட்டுவண்டி அப்போதுதான் முற்றத்துக்குள் வந்திருந்தது. நானா அரிசி மூட்டைக்கு மேல் ஒரு சாக்கை விரித்தார். அவளை ஏற்றிக் கிணற்றை மூன்று சுற்றுச் சுற்றினோம். மழை பிசுபிசுவென்று தூறுகிறது, சைக்கிள்காரி ஒரு கோரைப்பாயைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள், சீனப் பெண்கள் வாளியைத் தட்டுகிறார்கள், மாடு மிரண்டு மூன்றாவது சுற்றைத் தானாகவே ஓட்டமாக முடித்தது. மக்சிக் முன்னாலேயே ஓடிப்போய்த் தன் அறை வாசலில் நின்றுகொண்டு, "வா மகளே, வந்திட்டியா?" என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை.

அந்த இரண்டு மாதமும் திங்கட்கிழமைகள் எனக்குத் தீபாவளியாக இருந்தன. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது, நூற்றிரண்டு. புருஷன் மறுபடி வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தத்தைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பிள்ளை ஒரு வியாழக்கிழமை முற்பகலில் வந்தது. டாக்டர் வருகிற நாள் இல்லை. ஆள் அனுப்பியும் அவர் தெப்ராவ் பக்கம் போய்விட்டதாகச் செய்தி. புத்தகத்தில் பிரசவத்தைப் பதினான்கு பக்கம் படித்திருந்தேன், அதில் ஒரு பக்கம்கூட நினைவுக்கு வரவில்லை. மக்சிக் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "முக்கு! முக்கு!" என்று அவளையும், "நீ மூச்சு விடு லா!" என்று என்னையும் அதட்டினார். அப்போதுதான் நானும் என் கைதிகள் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பதினொன்றரை மணிக்குப் பெண் குழந்தை. வந்ததும் கத்தியது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது, இடம்தான் இல்லை. சமையற்கட்டுத் தராசைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தேன். ஆறு ராத்தல், அதற்கு மேலும் கொஞ்சம்.

அவள் படுத்தபடியே வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான் பதறினேன்.

"பேறு பாத்தவங்களுக்குத்தான் ஐயா இந்த வளையலக் குடுக்கணும்" என்று இருபத்து மூன்றையும் என் கையில் போட்டாள். மக்சிக் சிரித்த சிரிப்பில் குழந்தை மறுபடி அழுதது. விஷ அலமாரியில் இருந்த ஒன்றையும் சேர்த்து இரண்டு டஜனாகப் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்று வருஷம் கழித்து என் மனைவிக்குக் கொடுத்தேன். எங்கே வாங்கியது என்று கேட்டாள். ஜெயிலில் ஒரு பெண் கொடுத்தாள் என்று உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை.

விடுதலை நாள் அன்று காலையில் புருஷன் விடிந்ததிலிருந்தே வாசலுக்கு வெளியே குந்தியிருந்தான். பதிவேட்டைத் திறந்து, 'கண்ணாடி வளையல், ஆறு' என்ற வரியைக் கண்டுபிடித்து, பையிலிருந்து வளையல்களை எடுத்து வைத்தேன். அவள் கையை மக்சிக்கிடம் நீட்டினாள். அன்று சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிய அதே கை, இன்று அதே சோப்புத் தண்ணீர் போட்டு ஆறையும் ஏற்றியது. மக்சிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சோப்பு கண்ணுல போச்சு லா" என்றார்.

கடைசி வேலை நிறுவை. அவள் குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு தராசில் ஏறினாள்.

"பிள்ளையை மக்சிக்கிட்ட குடும்மா. உன்னை மட்டும்தான் நிறுக்கணும்."

அவள் இறங்கவில்லை.

"உள்ள வந்தப்ப எங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான ஐயா நிறுத்தீங்க?"

நான் தராசுக் குண்டை நகர்த்தினேன். நூற்றாறு ராத்தல். எழுதினேன். பக்கத்தில் 'இரண்டு பேர்' என்று எழுதினேன். அவள் இறங்கி, வாசலைத் தாண்டி, புருஷனிடம் குழந்தையைக் கொடுக்கிற வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டி, தொண்ணூற்றாறு ராத்தல் என்று முத்து முத்தாக எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்திலும் 'இரண்டு பேர்' என்று எழுதிவைத்தேன்.